இடது கைக்கு ஒரு முன்பிடி

டோலெஃப்சன் பண்ணை, லாக் கி பார்ல்
1987 பிப்ரவரி 8

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. நானும் உன் அத்தான் ஓர்லனும் பன்றிகளும் சுகம். உன் இருமல் நின்றதா, இல்லை கடை அடுப்பின் மேல் பழி போட்டுவிட்டு இன்னும் சிகரெட் பிடிக்கிறாயா?

தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உன்னிடம் போனில் பேசுவது பல் பிடுங்குவது மாதிரி இருக்கிறது. கடிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கும். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் கடைசிக் கட்டையும் அவிழ்த்துவிட்டார். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாக இருக்கின்றன. நடுவிரல் பாதி. மற்ற இரண்டும் போன அக்டோபரில் சோளம் பறிக்கும் இயந்திரத்தோடு போய்விட்டன. உனக்குத் தெரிந்ததுதான். நீ இன்னும் வந்து பார்க்கவில்லையே என்று விவரமாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னதற்குப் பனி என்றாய். பனி எங்களுக்கும்தான் பெய்தது.

நேற்று என் ஷாட்கன்னை எடுத்துப் பார்த்தேன். தோளில் வைக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியை இடது கையால் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கை சோப்பு போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. ஓர்லன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த வருஷம் நான் சுட்டுக்கறேன், நீ ஊதல் ஊதி வாத்தைக் கூப்பிடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சாப்பாட்டு நேரம் வரை அவரோடு நான் பேசவில்லை.

இந்த வீட்டில் சுடுகிறவள் நான். அக்டோபரில் கனடா வாத்து, நவம்பரில் ஒற்றைக் குண்டு போட்டு மான், வசந்தத்தில் கோழிக்கொட்டகையைச் சுற்றி வரும் அந்த நாற்றம் பிடித்த ஸ்கங்க். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே துப்பாக்கி. நான் ஊதல் ஊதப் போவதில்லை. நீ துப்பாக்கிக் கடையில் நிற்கிறாய். புது முன்பிடி, தேவைப்பட்டால் தோளில் முட்டுகிற பின்கட்டையும் புதிதாக, என் கைக்குத் தோதாகப் பார். வாத்துப் பருவம் அக்டோபர் 3 தொடங்குகிறது. அதற்குள் முடியுமா, முடியாதா? சுற்றி வளைக்காமல் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஆர்டிஸ்


டுலூத்
1987 பிப்ரவரி 21

பிரியமான அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. சிகரெட் பாதி போய்விட்டது. அத்தானின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

முடியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

இனி சுற்றி வளைக்கிறேன். மாற்றுக் கட்டைகள் மூன்று தினுசு. பிளாஸ்டிக் எடை குறைவு, மழைக்கும் சேற்றுக்கும் அசையாது, ஆனால் பனிக்காலத்தில் கன்னத்தில் வைத்தால் ஐஸ்கட்டி. வால்நட் மரம் அழகு. கைக்குப் பழகப் பழக இன்னும் அழகு. ஆனால் நனைந்தால் உப்பும். மூன்றாவது, மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்திச் செய்த அடுக்கு மரம். எதற்கும் வளையாது, நல்ல கனம். பார்க்க வரி வரியாக இருக்கும், சிலருக்குப் பிடிக்காது.

உன் துப்பாக்கி மூன்று வேலை செய்வதுதான் சிக்கல். பறக்கிற வாத்துக்குக் கன்னம் தாழ இருக்க வேண்டும். மானுக்கு ஒற்றைக் குண்டு போடும்போது கன்னம் சற்று உயர்ந்தால் குறி சுத்தமாக விழும். வாத்துக்கென்றே செய்தால் மானுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று பிடிக்க வேண்டும்.

முதலில் இரண்டு முன்பிடிகள் அனுப்பியிருக்கிறேன். ஒன்று அகலமான பிளாஸ்டிக், ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ளது. இன்னொன்றில் கையை நுழைத்துக்கொள்ள ஒரு வார் உண்டு. இரண்டையும் மாட்டிப் பார்த்து எழுது. மாட்டும்போது துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கடைக்காரன் வாய் சும்மா இருக்காது.

கடையில் ஓயாத வேலை.
தம்பி வெண்டல்


லாக் கி பார்ல்
1987 மார்ச் 22

தம்பி வெண்டலுக்கு அக்காவின் அன்பு.

இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டதில் ஓர்லனுக்கு ஏக சந்தோஷம். அரை மணி நேரம் பதில் சொன்னார். நான் அதை எழுதப் போவதில்லை. குட்டி போடும் காலம், நாற்பத்தொரு குட்டிகள், எல்லாம் திடமாக இருக்கின்றன.

உன் அகலப் பிடி எனக்கில்லை. விறகுக் கட்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியவில்லை. வார் வைத்தது நன்றாகத்தான் வேலை செய்தது. இருபது தடவை இழுத்துத் தள்ளினேன், ஒரு தடவைகூட நழுவவில்லை. ஓர்லன் கைதட்டினார்.

அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கழற்றிப் பார்த்தேன். கையை வாரிலிருந்து விடுவிக்க நேரமாகிறது. ஏரிக்கரைச் சேற்றில் கால் வழுக்கினால் துப்பாக்கியை விட்டுவிட்டு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஒரு இயந்திரம் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டது. இன்னொன்றுக்கு அந்த உரிமையை நான் கொடுக்க மாட்டேன்.

வேறு யோசி. உனக்குத்தான் மூளை இருப்பதாக ஊரில் பேச்சு.
ஆர்டிஸ்

பி.கு. ஈஸ்டருக்கு அடுப்பில் பன்றித் தொடை சுடுகிறேன். வா.


டுலூத்
1987 மே 17

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். கடையில் சரக்குச் சரிபார்ப்பு.

வாரைப் பற்றி நீ எழுதியதைக் கடையில் என்னோடு நிற்கும் ரேயிடம் படித்துக் காட்டினேன். முப்பது வருடமாகத் துப்பாக்கி விற்கிற மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க அக்கா சொன்னது சரி, அந்த வார் பிடியை இனி நாம யாருக்கும் சிபாரிசு பண்ண வேண்டாம்" என்றார்.

இத்தனை நாள் நான் தப்பாக யோசித்திருக்கிறேன். உன் இடது கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது. சரி, இறுக்கவே வேண்டாம். முன்பிடியின் பின்பக்கம் ஒரு மேடு விட்டுச் செதுக்கினால் உள்ளங்கையின் அடிப்பகுதி அதில் முட்டி இழுக்கும். முன்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் வைத்தால் தள்ளும். விரல் செய்த வேலையை உள்ளங்கை செய்யட்டும். பின்கட்டைக்கு அடுக்கு மரம்தான். அதன் கனம் பின்னால் உட்காரும்போது முன்பக்கம் லேசாகும், இடது கைக்குப் பாரம் குறையும். மான் குண்டின் உதையையும் அது வாங்கிக்கொள்ளும். எல்லோரும் எடை குறைவாகக் கேட்கிறார்கள். உனக்குக் கனம்தான் மருந்து.

அந்த மேடு எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒரு குழாயைச் சுற்றிக் களிமண் அப்பி, முன்பிடியைப் பிடிப்பதுபோல் இடது கையால் பிடித்து, காய்ந்ததும் பஞ்சு சுற்றி அனுப்பு. வலது முழங்கையின் மடிப்பிலிருந்து விசை இழுக்கும் விரல் வரை அளந்து அந்த அளவையும் எழுது. பின்கட்டையின் நீளத்துக்கு அது வேண்டும்.

தம்பி வெண்டல்


லாக் கி பார்ல்
1987 ஜூன் 14

தம்பிக்கு,

நலம். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

களிமண் கிடைத்த கதை கேள். கோடை வேதாகமப் பள்ளிக்கு வாங்கி வைத்ததில் ஒரு வாளி கேட்டேன். பாஸ்டரின் மனைவி எதற்கு என்றாள். துப்பாக்கிக்கு என்றேன். அவள் முகத்தைப் பார்க்க நீ வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போனதும், அவர்கள் நோவாவின் பேழை செய்த மேசையிலேயே தனியாக உட்கார்ந்து பிடித்தேன். மூன்று தடவை பிடித்தேன், மூன்றாவதுதான் சரியாக வந்தது.

முழங்கையிலிருந்து விரல் வரை பதினான்கு அங்குலம். ஓர்லன் அளந்தார்.

அந்த உள்ளங்கை மேடு யோசனையைப் படித்ததும் ஒரு மண்வெட்டிப் பிடியை எடுத்து, நீ சொன்ன மாதிரி உள்ளங்கையால் முட்டி இழுத்துப் பார்த்தேன். வந்தது. வெண்டல், எட்டு மாதத்தில் இந்தக் கை ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது அன்றைக்குத்தான். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

களிமண்ணைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் எழுது.
உன் அக்கா


லாக் கி பார்ல்
1987 ஜூலை 26

வெண்டல்,

சுகம்தானே? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெட்டி உடைந்து வந்ததா? போன் செய்தால் ரே எடுத்து, நீ பின்னால் வேலையாக இருப்பதாகச் சொல்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அந்த யோசனை சரிப்படாது என்றால் நேராகச் சொல்லிவிடு. தாங்கிக்கொள்வேன். பதில் வராததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆர்டிஸ்


டுலூத்
1987 ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுத வரவில்லை.

இதோடு வரும் பொதியில் பின்கட்டையும் முன்பிடியும் இருக்கின்றன. பின்கட்டை பதினான்கு அங்குலம், கடைசியில் ரப்பர் மெத்தை வைத்தது. முன்பிடி வால்நட், அரைகுறையாக வெட்டிய கட்டை வாங்கி நானே அரத்தால் செதுக்கினேன். ஒன்று பிளந்துவிட்டது, ஒன்றில் மேடு தவறான இடத்தில் வந்தது. இது மூன்றாவது.

பெட்டி உடையவில்லை. ஜூன் 18 அன்று கடையிலேயே திறந்தேன். களிமண்ணைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பாதி விரல். அதற்கப்புறம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு. ஒரு ஆள் வந்து மீன் கொக்கி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கொக்கி.

போன அக்டோபரில் சோளம் அறுக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். முந்தின நாள் போன் செய்து கடையில் வேலை, வர முடியாது என்றேன். கடையில் வேலை இல்லை. நான் ரேயின் மகனோடு கனடாவில் ஒன்டாரியோவுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் போனேன். அந்த வாரம்தான் அத்தான் வண்டியில் சோளம் ஏற்றிக்கொண்டு போக, நீ வயலில் தனியாக நின்றாய். நான் வந்திருந்தால் நீ தனியாக நின்றிருக்க மாட்டாய்.

பனியும் சரக்குச் சரிபார்ப்பும் எல்லாம் சாக்கு. உன் கையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வரவில்லை. களிமண்ணில் வந்து சேர்ந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முன்பிடி சரியாக உட்கார்ந்ததா என்று மட்டும் யாரையாவது விட்டு எழுதச் சொல்.

வெண்டல்


லாக் கி பார்ல்
1987 செப்டம்பர் 7

மச்சான் வெண்டலுக்கு,

ஓர்லன் எழுதுவது. நான் கடிதம் எழுதுகிறவனில்லை, உனக்குத் தெரியும். இடுப்பு பரவாயில்லை.

உன் கடிதத்தை ஆர்டிஸ் நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கோழிக்கொட்டகைக்குப் போய், நேற்றுச் சுத்தம் செய்ததையே மறுபடி சுத்தம் செய்தாள். இரண்டு நாள் பொதியைத் தொடவில்லை. என்ன எண்ணுகிறாள் என்று எனக்கும் சொல்லவில்லை, அதனால் உனக்கும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் பொதியைப் பிரித்துத் துப்பாக்கியில் மாட்டினாள். நான் உதவட்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு புத்தி உண்டு. அன்றிலிருந்து காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது தடவை காலித் துப்பாக்கியை இழுத்துத் தள்ளுகிறாள், களஞ்சியத்துக்குப் பின்னால். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாள். பன்றிக்கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். முதல் நாள் பதினெட்டிலேயே கை நடுங்கியது. உட்கார்ந்தாள், எழுந்தாள், மிச்சம் முப்பத்திரண்டையும் முடித்தாள். இருபத்திரண்டு வருடம் இவளோடு குடித்தனம் செய்துவிட்டேன். இப்படி ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீ செதுக்கியது பொருந்துகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓர்லன்


லாக் கி பார்ல்
1987 செப்டம்பர் 13

வெண்டல்,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை.

கோபமாகத்தான் இருக்கிறேன். எதற்கு என்று தெரிந்துகொள். இயந்திரத்தில் சோளத் தட்டை சிக்கியது. நான் அதை நிறுத்தாமல் கை விட்டேன். நூறு தடவை அப்படி விட்டிருக்கிறேன், ஓர்லனும் விட்டிருக்கிறார், இந்தப் பக்கத்தில் விடாத ஆள் இல்லை. நீ வந்திருந்தால் டிராக்டரில் உட்கார்ந்திருப்பாய். நான் அப்போதும் கை விட்டிருப்பேன். இந்தக் கை என் தப்பு. அதை உன்னோடு பங்கு போட எனக்கு விருப்பமில்லை.

கோபம் அதற்கப்புறம் நடந்ததற்கு. ஆறு மாதம் வால்நட்டைப் பற்றி அழகழகாக எழுதினாய். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் தம்பியின் முகம் வரவில்லை. அப்பாவின் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் வந்தார்கள், உன்னைத் தவிர. நான் அசிங்கமாகிவிட்டேன், அதனால்தான் வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அதைத்தான் நீ எனக்குச் செய்தாய். மூஸ் வேட்டையை மன்னிக்க ஐந்து நிமிடம் ஆகாது. இதற்குக் கொஞ்சம் நாளாகும்.

இப்போது துப்பாக்கி. முன்பிடி என் கைக்கென்றே மரத்தில் வளர்ந்த மாதிரி இருக்கிறது. இதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. கோபத்தோடுதான் சொல்கிறேன், அதனால் நம்பு. கன்னமும் சரியாக உட்கார்கிறது, வாத்துக்கும் மானுக்கும் ஒன்றாக.

ஆனால் நேற்றுக் குளிராக இருந்தது. வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினேன். பின்கட்டை அக்குளில் சிக்கி நின்றுவிட்டது. நீ என்னை ஜூன் மாதத்துப் பருத்திச் சட்டையில் அளக்க வைத்திருக்கிறாய், மடையா. உங்கள் கடைச் சுவரில் 'கோட்டோடு அளக்கவும்' என்று பலகை தொங்குகிறது. எழுதியவன் நீ.

தபாலில் திருப்பி அனுப்ப மாட்டேன். ரம்பத்தை எடுத்துக்கொண்டு நேரில் வா. என்னைக் கோட்டோடு நிறுத்தி வைத்து, பார்த்து, அளந்து வெட்டு. அக்டோபர் 1.

ஆர்டிஸ்


டுலூத்
1987 செப்டம்பர் 18

அக்காவுக்கு,

சுகம். வருகிறேன்.

வெண்டல்


டுலூத்
1987 அக்டோபர் 6

என் அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த லெஃப்சே ரொட்டி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அத்தானிடம் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் வைக்கச் சொல்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஒன்டாரியோவைப் பற்றிக் கேட்டுவிடுவாயோ என்று உன்னைப் பார்க்காமல் கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். நீ கேட்டாய். உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துக்கொண்டே, "அந்த மூஸாவது கெடச்சுதா?" என்றாய். இல்லை என்றேன். அத்தான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வர நீயும் சிரித்தாய். அதற்கப்புறம்தான் நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

முக்கால் அங்குலம் வெட்டினேன். உன்னைக் கோட்டோடு நிறுத்தி மூன்று தடவை அளந்த பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன்.

கடையில் இன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ரேயிடம் மூன்று தடவை சொன்னேன். சோளத் தட்டைகளுக்குள் நாம் மூன்று பேரும் உங்கள் நாயும் பதுங்கியிருந்ததை. ஏழு வாத்துகள் ஏரிப் பக்கமிருந்து தாழ்வாக வந்ததை. அத்தான் ஊதலை ஊதி அவற்றைத் திருப்பியதை. நீ எழுந்தாய். முதல் குண்டில் முன்னால் வந்தது விழுந்தது. அதற்கப்புறம்தான் நான் பயந்த இடம். உன் உள்ளங்கை மேட்டில் முட்டியது, முன்பிடி பின்னால் போய் முன்னால் வந்தது, காலித் தோட்டா என் தோள் மேல் விழுந்தது. நான் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது வாத்தும் விழுந்துவிட்டது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு முழுக் கை உள்ளவர்கள் அதைவிட மெதுவாகச் செய்வதைத் தினமும் பார்க்கிறேன்.

ரேயிடம் சொல்லாதது ஒன்று உண்டு. "ஏன்டா நீ சுடல?" என்று கேட்டாய். உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். "கை எங்கயும் போயிடாது. வாத்துதான் போயிடும்" என்றாய்.

அன்று முழுக்க நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எனக்கு அதில் ஒரு குறையுமில்லை.

உன் தம்பி
வெண்டல்


லாக் கி பார்ல்
1987 அக்டோபர் 11, ஞாயிறு

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், உண்மையாகவே கேட்கிறேன். வாத்து வறுவல் தீர்ந்தது. இரண்டாவது வாத்து கொஞ்சம் முற்றல்.

நீ கிளம்பின அன்று கார் ஜன்னல் வழியாக நான் இடது கையை நீட்டினேன். வேண்டுமென்றே நீட்டினேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கத்தான். டாக்டரையும் ஓர்லனையும் தவிர அந்தக் கையை இதுவரை யாரும் தொட்டதில்லை. நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். பாதி விரலையும் சேர்த்துப் பிடித்தாய். விடவே இல்லை, ஓர்லன்தான் கடைசியில், "மச்சான், என்ஜின் ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

உன் கார் மேட்டில் ஏறி மறையும் வரை நின்றேன். கோபம் போய்விட்டதா என்று தேடிப் பார்த்தேன். போய்விட்டிருந்தது.

ஒரு வருடமாக நான் தேவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். உனக்குத் தெரியாது, யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கு ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி ஊற்றினார்கள். வலது கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது. பாஸ்டரின் மனைவி கோப்பையை நீட்டினாள். இடது கையால் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று, மெதுவாகக் குடித்து முடித்தேன்.

உன் அக்கா
ஆர்டிஸ்